பரணில் கிடக்கும் பழைய எலும்புக்கூட்டுப் படையும் புதிதாக வண்ணம் பூசவிருக்கும் படையும்

கேள்வி: பர்மிங்காமில் வசிக்கிறேன், வயது நாற்பத்தைந்து. கல்லூரிக் காலம் வரை, வண்ணம் பூசிய சிறு பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் வார்ஹாமர் ஆட்டத்தை ஆடி, 2004 வாக்கில் விட்டுவிட்டேன். அதன் புதிய வடிவமான ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ வந்த பிறகு டூம் கிங்ஸ் என்ற எலும்புக்கூட்டுப் படை ஒன்றை உருவாக்கும் ஆசை வந்திருக்கிறது. பரணில் பழைய எலும்புக்கூட்டு வீரர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறார்கள். பாதி பிளாஸ்டிக், பாதி உலோகம். அவர்கள் பயன்படுவார்களா? வண்ணம் பூசும் வேலையை எங்கிருந்து தொடங்குவது? கண்பார்வையும் முன்போல் இல்லை.

பதில்: நீங்கள் ஆடிய பழைய வார்ஹாமர் 1983-இல் தொடங்கியது. அதை நாட்டிங்காமில் உள்ள கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2015-இல் நிறுத்திவிட்டு ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு 2024 ஜனவரியில் அதே பழைய உலகத்தை ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில், பிரெட்டோனியா, டூம் கிங்ஸ் ஆகிய இரண்டு படைகளோடு மீண்டும் வெளியிட்டது. எனவே உங்கள் பழைய வீரர்களுக்கு இடம் உண்டு. மாறியது பொம்மை நிற்கும் அடித்தட்டின் அளவு. முன்பு 20 மில்லிமீட்டர் சதுரத்தில் நின்ற காலாட்படை எலும்புக்கூடுகள் இப்போது 25 மில்லிமீட்டரில் நிற்கின்றன. குதிரைப்படையின் 25-க்கு 50 என்ற அளவு 30-க்கு 60 ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் பெயர்த்து ஒட்ட வேண்டாம். பழைய அடித்தட்டுகளைப் புதிய இடைவெளியில் நிறுத்தும், பிரிவை மொத்தமாக நகர்த்த உதவும் குழியுள்ள நகர்த்து தட்டுகள் கிடைக்கின்றன, உங்கள் ஆட்டத் தோழர்கள் ஒப்புக்கொண்டால் அவையே போதும்.

உலோகப் பொம்மைகளைத் தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 1990-களின் பிற்பகுதிக்கு முந்திய உலோக வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கும். அவற்றை உலர்வாக அரம் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்யாதீர்கள், முடித்ததும் கைகழுவுங்கள். பழைய அக்ரிலிக் வண்ணத்தை நீக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, வேண்டாத பல் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். கையுறை, திறந்த சன்னல், அருகில் நெருப்பில்லாமை ஆகிய மூன்றும் கட்டாயம். பிளாஸ்டிக்கில் முதலில் ஒரே ஒரு பொம்மையைச் சோதித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், அழகாக இல்லை என்பதற்காக மட்டும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதில்லை. வண்ணம் மெல்லியதாக இருந்தால் அதன் மேலேயே பிரைமர் எனும் அடிப்பூச்சை அடிக்கலாம்.

இந்த ஆட்டத்துக்குத் திரும்பி வருபவர்கள் பாதியில் விடுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. வண்ணம் பூசும் வேகத்தைவிட வாங்கும் வேகம் அதிகமாக இருப்பதுதான். ஒவ்வொரு பொம்மைக்கும் ஆட்டத்தில் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. ஆகவே மொத்தம் 2,000 புள்ளிப் படையைத் திட்டமிடுங்கள், ஆனால் முதலில் ஒரு பூசாரியையும் இருபது வீரர்கள் கொண்ட ஒரு பிரிவையும் மட்டும் முடியுங்கள். அதற்கும் முன்பாக ஒரே ஒரு வீரனுக்கு முழுமையாகப் பூசி, அடித்தட்டு மணல் வரை முடித்து, கை நீட்டும் தொலைவில் வைத்துப் பாருங்கள். படை மேசையில் அந்தத் தொலைவில்தான் பார்க்கப்படும். பிடித்திருந்தால் ஒவ்வொரு படிக்கும் எந்த வண்ணம் என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பிரிவு இதே நிறத்தில் வர வேண்டுமே.

இந்தப் படை திரும்பி வருபவருக்கு ஏற்றது, ஏனெனில் எலும்பு நிறம்தான் பெரும்பகுதி வேலை. 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் உங்கள் காலத்தில் இல்லாதவை: வெளிறிய பிரைமரின் மேல் ஒரே பூச்சாகப் போட்டால் பள்ளங்களில் அடர்ந்தும் மேடுகளில் மெலிந்தும் நின்று, நிழலையும் ஒளியையும் ஓரளவு தாமே உண்டாக்கிவிடும். ரெய்த்போன் ஸ்ப்ரே பிரைமர், அதன் மேல் ஸ்கெலிட்டன் ஹோர்ட் கான்ட்ராஸ்ட், காய்ந்தபின் வெளிறிய தந்த நிறத்தில் டிரைபிரஷ் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் வருடுவது): எலும்பு முடிந்தது. கவசத்துக்கு வெண்கல நிறமும், அதன் இடுக்குகளில் நிஹிலாக் ஆக்சைடு என்ற பச்சைக் களிம்பு விளைவும், துணிக்குக் கடல்நீலமும் போதும். கான்ட்ராஸ்ட் விலா எலும்புகளுக்கு அடியில் துளியாகத் தேங்கும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தூரிகை நுனியால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்தபின் தொட்டால் கறைபோல விளிம்பு விழும். பெரிய தட்டையான கேடயப் பரப்பில் அது திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால், கேடயங்களைத் தனியே குச்சியில் ஒட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரைத்த சாதாரண அக்ரிலிக்கை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் போடுவதே நல்லது.

பத்துப் பத்தாகப் பூசுங்கள். அதிலும் முன்வரிசைக்கும் கொடிக்கும் கவனத்தைக் கொடுத்து, பின்வரிசை எலும்புக்கூடுகளுக்கு மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்வரிசையின் தாடை எலும்பில் ஒளிக்கோடு போட்டுப் பார்வையைத் தேய்த்துக்கொள்வது வீண் வேலை. அடித்தட்டு விளிம்பின் நிறம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். படைக்கு ஒற்றுமை அங்கிருந்துதான் வருகிறது.

கண்ணைப் பொறுத்தவரை, நாற்பதுக்கு மேல் அருகிலுள்ளதைப் பார்க்கும் திறன் தளர்வது இயல்பே. படிக்கும் கண்ணாடியின் அளவைச் சரிபார்த்துக்கொண்டு, பகல் ஒளி போன்ற மேசைவிளக்கு ஒன்றைத் தூரிகை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். தலையில் மாட்டும் உருப்பெருக்கியில் மிகக் குறைந்த அளவே போதும். உருப்பெருக்கம் கூடினால் குனிய வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். மூன்று சுழி எண் கொண்ட மிகச் சிறிய தூரிகையும் வேண்டாம், வண்ணம் அதன் நுனியிலேயே காய்ந்துபோகும். நுனி கூராக நிற்கும் 1 அல்லது 2 எண் தூரிகைதான் கண்ணையும் வரையலாம், துணியையும் நிரப்பலாம்.

ஸ்ப்ரே அடிப்பதை வறண்ட நாளுக்கு ஒத்திவையுங்கள். ஈரமும் குளிரும் உள்ள நாளில் அடித்தால் பிரைமர் பொடிப்பொடியாகவும், இறுதியில் பாதுகாப்புக்காக அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெண்புகைபோலவும் படியும். டப்பாவை அறை வெப்பத்தில் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கி, வெளியே 20 முதல் 30 செண்டிமீட்டர் தொலைவிலிருந்து, நிறுத்தி நிறுத்திக் குறுகிய வீச்சாக அடியுங்கள். கான்ட்ராஸ்ட் பூசிய மேட்டுப்பகுதிகள் கைபட்டு எளிதில் தேய்ந்துவிடும் என்பதால் இந்தப் படைக்கு வார்னிஷ் தவிர்க்க முடியாதது. வானிலை ஒத்துவராத மாதங்களில் தூரிகையால் பூசும் வார்னிஷைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.