வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கலாமா?

கேள்வி: செவிலியர் பணியில் எனக்கு 12 ஆண்டு அனுபவம். கடைசி 5 ஆண்டுகள் ஐசியூவில், இப்போது இன்சார்ஜ். வெளிநாடு போக முயல்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தால்தான் ஆங்கிலத் தேர்வில் தேற முடியும் என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடலாமா? அங்கே என் அனுபவத்துக்கு மதிப்பு இருக்குமா?

பதில்: விடாதீர்கள். 12 ஆண்டு என்ற கணக்கைவிட, இன்றும் நோயாளியின் படுக்கையருகே நிற்கிறீர்கள் என்பதுதான் உங்களுடைய பெரிய பலம். செவிலியராகப் பதிவு தரும் கவுன்சில்களும் வேலை தரும் மருத்துவமனைகளும் அண்மைக்கால அனுபவத்தைத்தான் முதலில் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவில், கடந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 450 மணி நேரம் பணியில் இருந்ததைக் காட்டுவது வழக்கமான வழி. நேர்காணலிலும் போன வாரம் நீங்கள் பார்த்த வென்டிலேட்டர் நோயாளியைப் பற்றித்தான் கேட்பார்கள். இன்சார்ஜ் ஆனபின் டியூட்டி பட்டியலும் மருந்துக் கணக்குமே உங்கள் வேலையாகிவிட்டது என்றால், மாதத்தில் சில ஷிஃப்டாவது நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள்.

ஆங்கிலத்துக்கு உங்களைப் போன்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி. பொதுத் தலைப்புகளில் கட்டுரை எழுதச் சொல்லும் ஐஇஎல்டிஎஸ் தேர்வைப் போல் அல்லாமல், நோயாளியோடு பேசுவது, கேஸ் நோட்ஸ் பார்த்துக் கடிதம் எழுதுவது என்று உங்கள் அன்றாட வேலையே ஓஇடியில் கேள்வியாக வருகிறது. பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்எம்சி, கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி' தரம் கேட்கிறது. எழுதுவதில் 'சி பிளஸ்' போதும். அனுபவசாலிகள் தடுக்கி விழுவது அந்தக் கடிதத்தில்தான். எல்லாமே முக்கியமாகத் தெரிவதால் நோட்ஸில் உள்ள அத்தனையையும் எழுதிவிடுகிறார்கள். கடிதத்தைப் படிப்பவருக்கு எது தேவை என்று பொறுக்கத் தெரிந்தால் மதிப்பெண் தானாக வரும். டியூட்டி முடிந்து தினம் ஒரு மணி நேரம், சில மாதங்கள் விடாமல் எழுதிப் பழகினால் இது வந்துவிடும். இதற்காகச் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் வேலையை இன்றே தொடங்குங்கள். அனுபவச் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, அதில் எத்தனை படுக்கைகள், முழுநேரமா பகுதிநேரமா எல்லாம் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ, அவற்றைக் கொடுத்த கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாகவே எழுதிக் கேட்கும். பழைய மருத்துவமனை மூடப்பட்டோ பெயர் மாறியோ இருந்தால் அங்கேதான் விண்ணப்பம் முடங்கும். அதனால் முதலில் வேலை பார்த்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

எந்த நாடு என்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கு, செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ். அதில் தேறினாலும், பிறந்த நாட்டைப் பொறுத்து விசா வரிசை ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்ற மேல் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிய வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மதிப்பு உண்டு, ஆனால் அது தாமதமாகக் கிடைக்கும். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டிலிருந்து வருபவர் பெரும்பாலும் 'பேண்ட் 5' என்ற தொடக்கநிலையில்தான் சேர்கிறார். ஆயிரம் முறை ஐவி லைன் போட்ட கைக்கும், அங்கே ஒருவர் உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அனுமதி கிடைக்கும். நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது எல்லாம் செவிலியரின் வேலையே. ஐசியூ இன்சார்ஜாக இருந்தவருக்கு முதல் ஆறு மாதம் இது வலிக்கும். தெரிந்தே போனால் தாங்கிக்கொள்ளலாம்.

பிரிட்டனில் பதிவு பெற நடக்கும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் மூத்த செவிலியர் தவறுவதும் அந்த அனுபவத்தால்தான். கை பழகிய வேகத்தில் படிகளைத் தாண்டிவிடுகிறோம். தேர்வாளருக்கோ ஒவ்வொரு படியும் கண்ணில் பட வேண்டும்: கை கழுவினீர்களா, பெயரும் பிறந்த தேதியும் கேட்டீர்களா, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்தீர்களா. மனதுக்குள் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். புதிதாகச் சேர்ந்த மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வேலையையும் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

கடைசியாக, அந்த ஏஜென்ட். வேலை வாங்கித் தருவதற்காகச் செவிலியரிடம் பணம் வாங்கக் கூடாது என்பதே பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. தேர்வுக் கட்டணம் வேறு, 'வேலைக்கான' கட்டணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால், உங்களை வரவழைக்க மருத்துவமனை செலவிட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கலாம். எவ்வளவு, மாதங்கள் போகப் போக அந்தத் தொகை குறையுமா, தேர்வில் தேறாமல் வேலை போனாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே கையெழுத்திடுங்கள். ராஜினாமா கடிதமும் அதுவரை காத்திருக்கட்டும். கையெழுத்தான ஒப்பந்தமும் விசாவும் கைக்கு வந்தபின் அதைக் கொடுத்தால் போதும்.