ஆப்பில் 90 சதவீதம், நேரில் தெரியவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம் இருக்கிறது. குழந்தையின் திறனுக்கேற்பப் பாடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆப் ஒன்றை டேப்லெட்டில் பயன்படுத்துகிறோம். நிறங்களில் 90 சதவீதம் சரி என்று காட்டுகிறது. ஆனால் "சிவப்புப் பந்தை எடு" என்றால் எடுப்பதில்லை. ஒரு வருடச் சந்தா கட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆப் பொய் சொல்லவில்லை. விரல் எந்தப் படத்தில் பட்டது, எத்தனை நொடியில் பட்டது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். தொடர்ந்து சரியாக வந்தால் பாடத்தைக் கடினமாக்கும். தவறினால் எளிதாக்கும், இல்லையென்றால் குறிப்புக் கொடுக்கும். ஏன் சரி, ஏன் தவறு என்பது அதற்குப் பிடிபடாது.

அந்தக் குறிப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம். பல ஆப்களில் குழந்தை சில நொடி தொடாமல் இருந்தால் சரியான படம் மினுங்கும். அது மினுங்கட்டும் என்று காத்திருந்து தொடுகிற குழந்தையும் 90 வாங்கிவிடும். குறிப்பைத் தாமதப்படுத்தவோ அணைக்கவோ வழி இருக்கிறதா? தானாகச் சொன்ன விடையையும் குறிப்போடு வந்த விடையையும் அறிக்கை பிரித்துக் காட்டுகிறதா? பிரிக்காத அறிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திரையில் எத்தனை படங்கள் வருகின்றன என்றும் பாருங்கள். இரண்டே படம் என்றால் பார்க்காமல் தொட்டாலும் பாதி சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு: தப்பான விடைக்கு வரும் சத்தம் பிடித்துப்போய், தெரிந்தே தப்பைத் தொடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆப் பாவம், பாடத்தைக் கீழே இறக்கிக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆப்பில் அவன் செய்வது என்ன? நிறத்தை நிறத்தோடு ஜோடி சேர்ப்பது மட்டும் என்றால், "சிவப்பு" என்ற சொல்லே அவனுக்கு இன்னும் பதியாமல் இருக்கலாம். சொல்லைக் கேட்டுத்தான் தொடுகிறான் என்றாலும், ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடாது. அதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அன்றைய பாடத்தை முடித்ததும் ஆப் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லி, மேஜையில் இரண்டு பொருட்களை வைத்துக் கேளுங்கள். அது வந்தபின் பொருளை மாற்றுங்கள், அடுத்து கேட்கும் ஆளை, பிறகு அறையை. ஆப்பில் வராத சில பொருட்களைப் பழக்காமல் ஒதுக்கி வையுங்கள். மாதக் கடைசியில் அவற்றிலும் சரியாக எடுத்தால் சந்தாவைத் தொடரலாம்.

படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசும் ஆப்பும் அதே டேப்லெட்டில் இருந்தால் அதன் விஷயம் வேறு. அது தன்னை மாற்றிக்கொள்ளவே கூடாது. பட்டன்கள் கை பழகிய இடத்திலேயே இருக்கவேண்டும். பாடம் முடிந்தது என்று டேப்லெட்டை வாங்கி வைத்தால் அவன் பேச வழியில்லாமல் போகும். முடிந்தால் அதற்கென்று தனிக் கருவி கொடுத்துவிடுங்கள்.