பாண்டியனுக்கு வலித்த கால்: யோகக் கேள்வி பதில்

மதுரை தல்லாகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆசன வகுப்பு முடிந்ததும் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்து, துண்டுச் சீட்டில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் வழக்கம். இந்த வாரச் சீட்டுகள் ஏழு.

படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று இரவு மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது கத்திவிட்டேன். என் மனதில் கருணையே வற்றிவிட்டதா ஐயா? (அண்ணா நகர்)

மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் நடராசர் இங்கே வலக்காலைத் தூக்கியிருக்கிறார். காரணம் திருவிளையாடலில் இருக்கிறது. அறுபத்து மூன்று கலைகளைக் கற்று முடித்த இராசசேகர பாண்டியன், மிச்சமிருந்த பரதத்தையும் கற்க இறங்கினான். உடம்பெல்லாம் வலி. அப்போதுதான் உறைத்தது அவனுக்கு: எனக்கே இப்படியென்றால், எந்நேரமும் ஒரே காலில் நின்று ஆடுகிறவருக்கு எப்படி இருக்கும்? காலை மாற்றி ஆடாவிட்டால் உயிரை விடுவேன் என்று அடம்பிடித்தான். மாற்றி ஆடினார்.

அந்தத் திருமேனியை அவன் பிறந்ததிலிருந்து கும்பிட்டவன்தானே? தன் கால் வலிக்கும்வரை சாமியின் கால் கண்ணில் படவில்லை. கருணை அப்படித்தான் பிறக்கிறது. நீங்களோ உங்கள் வலியை நான்கு வருடமாக யாருக்கும் தெரியாமல் மூடிவைத்திருக்கிறீர்கள். அது கத்தலாக வெளியே வந்தது. வற்றிப்போனவர் சீட்டு எழுத மாட்டார். உங்களுக்குத் தேவை கால் மாற்றிக்கொள்ள ஓர் ஆள். கணவரைப் பற்றியோ நாத்தனாரைப் பற்றியோ சீட்டில் ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? வாரத்தில் இரண்டு இரவு அவர்கள் விழித்திருக்கட்டும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் "தூக்கக் கலக்கத்தில் கத்திவிட்டேன் அத்தை" என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சூத்திரம் எதுவும் வேண்டாம்.

யோகம் என்றால் உடம்பை வளைப்பதுதானே? கருணையெல்லாம் அதில் எங்கே வருகிறது? (செல்லூர்)

யோக நூல் எழுதிய பதஞ்சலி முனிவரின் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்களில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்று. யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது இயமம், அதாவது ஒழுக்கக் கட்டுப்பாடு. அதில் முதல் சொல் அகிம்சை. அதற்கும் முன்னால், முதல் பாதத்தின் (அத்தியாயத்தின்) 33ஆம் சூத்திரத்தில் மனம் தெளிவதற்கு ஒரு வழி சொல்கிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் ஒட்டாமை. ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கவில்லை அவர். ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். நாம்தான் மாற்றிக் கொடுத்துவிட்டு, பலிக்கவில்லை என்கிறோம்.

ஒரு செய்தி: மீனாட்சி திருமணத்துக்கு வந்த பதஞ்சலி, நடனம் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்றதால்தான் வெள்ளியம்பலமே உண்டானது என்பது புராணம். அவர் நமக்கு அந்நியர் அல்ல.

கூடப் படித்தவன் குரூப் 2 தேர்வில் வெற்றி பெற்றுவிட்டான். வாழ்த்து சொன்னேன், வயிறு எரிந்தது. மகிழ்வதுபோலப் பாவனை செய்தால் அது போலித்தனம் இல்லையா? (திருமங்கலம்)

தம்பி, பாவனை என்ற சொல்லை நாம் நடிப்பு என்று ஆக்கிவிட்டோம். சித்த மருத்துவர்களிடம் கேட்டுப் பார். சூரணத்தை மூலிகைச் சாற்றில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி ஊறவைப்பதற்குப் பாவனை என்று பேர். சூத்திரத்தில் வரும் சொல்லும் அதுதான். ஒரு தடவை நனைத்தால் பொடியில் சாறு ஏறாது. எரிகிற வயிற்றோடு வாழ்த்தினாயே, அது முதல் நனைப்பு. அவன் விடிய விடிய விழித்திருந்து படித்ததை நினைத்துப் பார். பிறகு அவனிடமே போய்க் குறிப்பேடுகளைக் கேள். பொறாமைக்காரன் கேட்க மாட்டான்.

கைமாற்றாக 80,000 ரூபாய் வாங்கிய மச்சினன் மூன்று வருடமாக ஏமாற்றுகிறான். இப்போது மறுபடியும் கேட்கிறான். கருணை காட்டுவதா? (மேலூர்)

கொடுக்காதீர்கள். ஏமாற்றுகிறவனுக்குச் சூத்திரம் எழுதிக் கொடுத்த மருந்து நான்காவது. ஒட்டாமை என்றால் பகை அல்ல. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பாரை அவன் பக்கம் நகர்த்துங்கள், பணப்பையை நகர்த்தாதீர்கள். பழைய பாக்கியைப் பெரியவர்களை வைத்துக் கேட்பதிலும் தவறில்லை. அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்றால், பணத்தைப் பள்ளியில் நேராகக் கட்டிவிடுங்கள். கருணை அந்தக் குழந்தைக்கு.

ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எங்கள் வீட்டில் முடியாது. நான் யோகம் கற்கலாமா? (அவனியாபுரம்)

கற்கலாம். கொல்லாமை பக்கம்தான் நூல் நிற்கிறது என்பதை மழுப்ப மாட்டேன். ஆனால் சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர், மீனைத் தவிர வேறெதையும் கொல்லாத மீனவனை உதாரணம் காட்டி, அதையும் எல்லை கட்டிய அகிம்சையாகக் கணக்கில் சேர்க்கிறார். உங்கள் எல்லை இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கறிக்கடைப் பையனை "டேய்" என்று அதட்டுவதை நிறுத்துவதும் எல்லையை நகர்த்துவதுதான்.

வடமொழிச் சூத்திரம் எதற்கு? தமிழில் இல்லாததா? (சிம்மக்கல்)

இருக்கிறதே. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களையும் பாடுகிறார். இயமத்தில் "பகுத்துண்பான்" என்று பகிர்ந்து உண்பவனையும் சேர்க்கிறார். பதஞ்சலி சொல்லும் ஐந்து இயமங்களில் அது இல்லை. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் முடியாதா, ஓர் இன்னுரை என்று எல்லோராலும் ஆகிறதை அடுக்குகிறாரே, அந்தப் பாட்டை எங்கள் வகுப்பில் ஆசனத்துக்கு முன்னால் சொல்கிறோம். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

முழங்கால் தேய்மானம். சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. தியானம் கைகூடுமா? (திருப்பரங்குன்றம்)

நாற்காலி போதும். அசையாமலும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறார் பதஞ்சலி. தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்போது கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்துவிடுங்கள். மாடியில் இருப்பவை மூன்று. அதில் ஒன்று கால் மாறி மாறி ஆடுகிறது.