செய்திச் சேனலை நிறுத்தினால் படபடப்பு நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 57. கடலூரில் இருக்கிறோம். கணவர் ஓய்வுபெற்ற பிறகு, காலை காபியிலிருந்து இரவு படுக்கும் வரை வீட்டில் செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மகன் துபாயில் வேலை பார்க்கிறான். போர், புயல் என்று எந்தச் செய்தி வந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. இரவு 2 மணிக்கு விழிப்பு வந்து வாட்ஸ்அப்பைப் பார்க்கிறேன். இசிஜி நார்மல். தைராய்டுக்காகப் பல வருடமாக 100 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையில் பாதியை இரண்டு வாரமாகப் போட்டுக்கொள்கிறேன். ‘செய்தியே பார்க்காதே’ என்கிறாள் மகள். பார்க்காவிட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: அம்மா, டிவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் தைராய்டு மாத்திரையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் அளவு உடலுக்குத் தேவையானதைவிடக் கூடிவிட்டால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் வரும். வயது ஏறும்போதும், எடை குறையும்போதும், பழைய அளவே அதிகமாகிவிடலாம். கடைசியாக டி.எஸ்.எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் இந்த வாரமே செய்யுங்கள். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகையும் படபடப்பைத் தரும். முடிவு வரும்வரை மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

இவை சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் முழுக்க ஓடும் செய்தி உங்கள் உடலை வருத்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடல் செய்துகொள்ளும் தயாரிப்பு இது. தெருநாய் துரத்தினால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவீர்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். திரையில் வரும் போருக்கு உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கதவைச் சாத்தும் அந்தக் கட்டம் வருவதே இல்லை. அடங்குவதற்குள் அதே காட்சியை, அதே அலறும் இசையோடு மறுபடி போடுகிறார்கள்.

2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. உங்கள் வீட்டில் டிவி ஓடும் நேரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘பார்க்காவிட்டால் இன்னும் பயம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி, பிறகு சந்தேகம், மறுபடி பார்த்தல். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் மகள் சொல்வதுபோல ஒரே நாளில் அடியோடு நிறுத்துவது பலருக்கு நிலைப்பதில்லை. மூன்றாம் நாள் பதற்றம் தாங்காமல் திரும்பிப்போய் முன்னைவிட அதிகமாகப் பார்ப்பார்கள். மாத்திரைக்கு வேளை இருப்பதுபோல செய்திக்கும் வேளை வையுங்கள். காலை உணவுக்குப் பிறகு 15 நிமிடம் நாளிதழ். மாலை 6 மணி வாக்கில் 15 நிமிடம் வானொலிச் செய்தி அல்லது ஒரு செய்தித் தொகுப்பு. தூங்கி எழுந்தவுடனும் படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் கூடாது. படிப்பதும் கேட்பதும் காட்சியளவுக்கு உடலை உலுக்குவதில்லை.

கணவரிடம் சண்டை வேண்டாம். பின்னணியில் சத்தம் ஓடாமல் இருந்தாலே பாதி குறையும். அவர் இயர்போன் போட்டுக்கொள்ளட்டும், அல்லது சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது டிவியை அணைக்கட்டும். முதல் வாரம் வீடு வெறிச்சோடித் தெரியும், கை தானாக ரிமோட்டைத் தேடும். நாலைந்து நாளில் குறையத் தொடங்கும். அந்த நேரத்துக்குக் கைக்கு வேலை தருவது எதுவானாலும் நல்லது: கீரை ஆய்வது, பூக்கட்டுவது, மொட்டை மாடியில் 20 நிமிட நடை.

புயல் விஷயம் வேறு. 2011-ல் தானே புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது; அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதில் செய்வதற்கு வேலையும் இருக்கிறது. புயல் உருவான பிறகு வானிலை ஆய்வு மையம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. கரையைக் கடக்கும் நேரம் நெருங்கினால் தவிர, இடையில் சேனலில் ஓடுவது பெரும்பாலும் அதே தகவல்தான். அறிக்கை வரும்போது பாருங்கள். மிச்ச நேரத்தில் குடிநீர், டார்ச், ஒரு மாதத்துக்கான மாத்திரைகள், ஆவணப் பை ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

மகனைப் பற்றிய செய்தி மகனிடமிருந்தே வரட்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 என்றால் அங்கே 7.30. தினமும் அந்நேரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் உறவினர் குழுக்களை விட்டு விலக வேண்டாம், வீண் மனத்தாங்கல் வரும். ‘மியூட்’ போய் ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். படங்களும் வீடியோக்களும் தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள். இரட்டை அம்புக்குறியோடு வருவது பலமுறை ஃபார்வர்டு ஆனது. அதைத் திறக்காமலே விடலாம்.

இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். மணி பார்க்க ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும், அதையும் முகம் தெரியாமல் திருப்பி வையுங்கள். விழிப்பு வந்து சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். பகல் 2 மணிக்கு மேல் காபி வேண்டாம்.

படபடப்பு வரும்போது 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம். பலர் செய்யும் தவறு, மார்பு விம்ம ஆழமாக இழுப்பது. அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக வேண்டாம். பயம் இல்லாத நேரத்திலும் தினம் இருமுறை பழகினால்தான் பயம் வரும்போது கைகொடுக்கும்.

அல்பிரசோலம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அளவைக் கூட்டாதீர்கள். சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். சட்டென்று விட்டால் பயமும் தூக்கமின்மையும் இரட்டிப்பாகத் திரும்பும். இரவில் எழும்போது தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு. மாத்திரை அட்டையோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள், எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று அவர் எழுதித் தருவார்.

படபடப்போடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால், பழைய இசிஜி நார்மல் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படி இருந்தும் பயம் குறையாவிட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றினாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு சிறு நோட்டில், படபடப்பு வந்த மணி, அப்போது டிவியோ போனோ ஓடியதா, தைராய்டு மாத்திரையும் காபியும் எப்போது என்று இரண்டு வாரம் குறித்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், இடைவெளி இருக்கட்டும்.