ஸ்டேஷன் ஏழு நிமிடம் என்றால், யாருடைய ஏழு நிமிடம்?

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் வேலைக்குப் போகிறோம். அவருக்கு அலுவலகம் பார்க் ஸ்டேஷன் அருகே, எனக்குக் கிண்டியில். வண்டி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. கூட இருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய் வருகிறவர். எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய்க்குள் வாடகை வீடு வேண்டும். புரோக்கர் இரண்டு வீடு காட்டினார். ஒன்று, சேலையூரில் கேம்ப் ரோடு தாண்டி. புது வீடு, 11,000 ரூபாய், ‘தாம்பரம் ஸ்டேஷன் ஏழே நிமிடம்’ என்கிறார். இன்னொன்று குரோம்பேட்டை ராதா நகரில். பழைய கட்டடம், முதல் மாடி, 13,500. ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: முதலில், டோக்கன் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் ‘எந்த ஏரியா’ என்று தேடியிருக்கிறீர்கள். வண்டி வைத்திருப்பவர் அப்படித் தேடலாம். ரயிலை நம்பி வாழப்போகிறவர் தேட வேண்டியது ஸ்டேஷனை. ஸ்டேஷனைப் பிடித்த பிறகு, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதை. வீடு எப்படி இருக்கிறது என்பது மூன்றாவதாகத்தான் வரும். புரோக்கர் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் பிழைக்கிறார். புது டைல்ஸ், மாடுலர் கிச்சன், மொட்டை மாடிக் காற்று எல்லாம் காட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது ‘ஸ்டேஷன் பக்கம்தான் மேடம்’ என்பார்.

கேம்ப் ரோடு சந்திப்பே தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வீடு அதையும் தாண்டி. சராசரி மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடப்பார். அப்படியானால் ஏழு நிமிடத்தில் 560 மீட்டர். கணக்கு எங்கேயாவது இடிக்கிறதா? இடிக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது அவருடைய பைக்கின் ஏழு நிமிடம். அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. உங்கள் காலுக்கு அது அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஷேர் ஆட்டோவில் போய்விடலாம் என்பீர்கள். போகலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பேர், இரண்டு நடை என்று ஆட்டோவுக்குக் கொடுப்பதை மாதக் கணக்கில் கூட்டிப் பாருங்கள். வாடகையில் மிச்சம் என்று நினைத்த 2,500 ரூபாயில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இரவு ஒன்பதரைக்கு இறங்கினால் ஆட்டோ நிறையும் வரை நிற்க வேண்டும் என்பது தனி.

‘நிமிடம்’ என்ற சொல்லில் எனக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்காகத் தெற்கு வழித்தடத்தில் ஒரு வீடு பார்க்கப் போனேன். ‘எட்டு நிமிடம்’ என்றார் புரோக்கர். நடந்தே போவோம் வாருங்கள் என்றேன். சந்து, இன்னொரு சந்து, பிறகு ரயில்வே காம்பவுண்டுச் சுவர். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா காய்கறிப் பையை முதலில் அந்தப் பக்கம் வைத்தார், புடவையைத் தூக்கிச் செருகினார், தலையைக் குனிந்து உள்ளே போனார், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்தார். ‘இதுதான் சார் வழி’ என்றார் புரோக்கர், ஏதோ தானே போட்ட சாலை மாதிரி. நடைமேம்பாலம் சுற்றிப் போய்க் கடிகாரம் பார்த்தேன்: 19 நிமிடம். தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள். மழை நாளில், குடையோடு, காதில் ஹெட்போனோடு கடக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று நாளிதழில் நாலு வரிச் செய்தியாகப் பார்க்கிறோமே. அந்த ஓட்டையை அடைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி உடைக்கிறார்கள். நடைமேம்பாலத்தை எங்கே கட்ட வேண்டும் என்று அந்த ஓட்டையே காட்டிக்கொடுக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே தூரத்தை மேப்பில் நேர்கோடாகப் பார்க்காதீர்கள். நடைவழி போட்டுப் பாருங்கள். அதையும் நம்பாமல் இரண்டு முறை நடங்கள்: வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை. காலையில் நெரிசல் தெரியும், இரவில் தெருவிளக்கும் நாய்களும் தெரியும். பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள், அதாவது 800, 900 மீட்டருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் முதல் மாதம் நடப்பீர்கள், மூன்றாம் மாதம் ஆட்டோ, ஆறாம் மாதம் தவணையில் ஸ்கூட்டர்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ரயில் புறப்படுகிற ஸ்டேஷனாக இருந்தால் ஒன்றரை கிலோமீட்டர் வரைகூட ஒத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அங்கே உட்கார இடம் கிடைக்கும். நாற்பது நிமிடம் உட்கார்ந்து போகிறவர் கூடுதலாக எட்டு நிமிடம் நடக்கலாம். தாம்பரம், ஆவடி, திருவள்ளூர், வேளச்சேரி இந்த வகை. ஆனால் தாம்பரத்தில் நிற்கும் எல்லா ரயிலும் தாம்பரத்தில் புறப்படுவதில்லை. செங்கல்பட்டிலிருந்து வருவது கூடுவாஞ்சேரியிலேயே நிரம்பிவிடும். அதில் ஏறினால் குரோம்பேட்டைக்காரரை விட உங்களுக்கு ஒரு சலுகையும் இல்லை. தாம்பரம் – கடற்கரை (தடத்தின் மறுமுனை ஸ்டேஷன்) என்று போட்டிருக்கும் வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். அந்த வண்டிகள் உங்கள் நேரத்துக்கு இருக்கின்றனவா, எந்த நடைமேடை என்று பாருங்கள். இடம் பிடிக்க ஐந்து, பத்து நிமிடம் முன்னால் போக வேண்டும், அதையும் நடையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவும் காலைக்குத்தான். மாலையில் கடற்கரைப் பக்கம் ஏறுகிற உங்கள் கணவருக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிண்டியில் ஏறுகிற உங்களுக்கு, மகளிர் பெட்டியிலும் நின்றுகொண்டுதான். அதோடு, கிண்டிக்குத் தாம்பரத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவுக்காக உட்கார வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகு, கேம்ப் ரோடு ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளேயே வராது என்பதால் உங்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

சரி, குரோம்பேட்டைக்கு வருவோம். அங்கிருந்து கிண்டி ஆறாவது நிறுத்தம், சுமார் இருபது நிமிடம். பார்க் இன்னும் ஏழு நிறுத்தம். உங்கள் கணவருக்கு மொத்தம் நாற்பது நிமிடம் சொச்சம். காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் உண்டு. இருவருக்கும் ஒரே தடம், மாற வேண்டியதில்லை. இதனால்தான் உங்களுக்கு அம்பத்தூர், கொரட்டூரை நான் சொல்லவில்லை. வாடகை கட்டுப்படியாகும், ஆனால் அந்த வண்டி சென்ட்ரலில் விட்டுவிடும். அவருக்குச் சௌகரியம், நீங்கள் எதிரே பார்க்குக்கு நடந்து இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். தினமும் இரண்டு முறை மாறுவதைக் கல்யாணமான புதிதில் பொறுத்துக்கொள்வார்கள், பிறகு மாட்டார்கள். பெருங்களத்தூர், வண்டலூர் என்று தாம்பரத்துக்கு அப்பால் போகாதீர்கள். ரயில்களின் இடைவெளி அங்கே கூடிவிடும்.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலை என்கிற நெடுஞ்சாலை ஒரு பக்கம், ராதா நகர் இன்னொரு பக்கம், நடுவே தண்டவாளம். உங்கள் மாமியாரின் கடை, கோயில், மருந்தகம், டாக்டர் எல்லாம் ராதா நகர்ப் பக்கமே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவர் தண்டவாளத்தையும் கடக்க வேண்டாம், ஜிஎஸ்டி சாலையையும் கடக்க வேண்டாம். முழங்கால் வலிக்காரருக்கு நடைமேம்பாலத்தின் படிகள் எதிரி. சுரங்கப்பாதை என்றால் மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையை மழை நாளில் மூடும் செய்தி வருஷா வருஷம் வருகிறது. அந்த ஸ்டேஷனை ஒட்டிய நங்கநல்லூர் நடக்க அருமையான ஊர்தான், அந்த நாட்களில் மட்டும் அக்கரை ஆகிவிடும். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ப் பக்கம் குறைந்த வாடகைக்கு யாராவது காட்டினால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அதே தெருவில் விசாரியுங்கள். சுவரில் கைகாட்டுவார்கள்.

ராதா நகர் வீட்டில் எனக்கு உறுத்துவது முதல் மாடிதான். மாமியாரைக் கூட்டிப்போய்ப் படியை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது, ஒருமுறை எல்லாரும் ஏறிவிடுவார்கள். கைப்பிடி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் போடச் சொல்லிக் கேளுங்கள், அல்லது அதே தெருவில் கீழ்த்தளம் தேடுங்கள். அடுத்தது தண்ணீர். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பழையது. குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து, நிறமும் வாடையும் பாருங்கள். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, வாங்கினால் யார் தலையில் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உங்கள் வீட்டுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வீட்டுக்காரர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது, அவருக்குப் போகும். 13,500 வாடகை, மெயின்டனன்ஸ், லாரித் தண்ணீர், மின்சாரம் எல்லாம் கூட்டி 15,000 தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கணக்கை எந்தப் புரோக்கரும் போட்டுக் காட்டமாட்டார்.

இனி அந்த டோக்கன். ‘இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, ஞாயிற்றுக்கிழமை பூஜை போடறாங்க’ என்று சொல்லியிருப்பாரே? எல்லா வீட்டுக்கும் அந்தப் பார்ட்டி ஒருவர்தான். ஐயாயிரம் வாங்கிக்கொள்வார், ரசீது இருக்காது, வீட்டுக்காரருக்குத் தெரிந்தே இருக்காது. பிறகு மனம் மாறினால் ‘ஓனர் கொடுக்கமாட்டேங்கறார்’ என்பார். பணம் கொடுப்பதானால் வீட்டுக்காரரைப் பார்த்து, அவர் கணக்குக்கு அனுப்பி, எதற்கு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீடு காட்டவே ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்கிறவரிடமிருந்து திரும்பிவிடுங்கள். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம். உங்களிடமும் வீட்டுக்காரரிடமும் இரண்டு பக்கமும் வாங்குகிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்றால்? 2019ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதே வாக்கியத்தில் ‘வேறு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர் வாடகைக்குக் குடியிருந்தவராக இருக்க முடியாது. ஆனாலும் மூன்று மாதத்திலிருந்து பேச ஆரம்பியுங்கள். ஐந்தில் முடிந்தாலும் லாபம்.

புரோக்கர் ஒரு கட்டத்தில், ‘வாடகை கொடுக்கற காசுக்குச் சிங்கப்பெருமாள் கோயில்ல மனை வாங்கிடலாமே, மெட்ரோ வரப்போகுது’ என்று ஆரம்பிப்பார். ‘வரப்போகுது’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு ஐந்தே கிலோமீட்டர். 2008ல் ஆரம்பித்து பதினைந்து வருடம் தாண்டி இழுத்தது. கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள், ஏழு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆயிற்று. அதே 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தபோது வாசலில் ரயில் நிலையம் இல்லை. ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி, வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலை என்று நிறுத்துவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஆக, கேம்ப் ரோடு வீட்டை விட்டுவிடுங்கள். ராதா நகர் வீட்டுக்கு இந்த வாரம் ஒரு வேலை நாளில் காலை ஏழே முக்காலுக்குப் போய், அங்கிருந்து நடந்து, ரயில் ஏறி, உங்கள் அலுவலக வாசல் வரை நேரம் பாருங்கள். சாதாரண வண்டிக்குக் கிண்டி வரை பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் போன் செய்தால், வீட்டுக்காரர் நம்பரைக் கேளுங்கள்.