ஆய்வுக்கு வாங்கும் களி நண்டை எப்படி நடத்துவது?

கேள்வி: கடலூரில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். தாமிரம் கலந்த நீரில் களி நண்டின் இரத்தச் சர்க்கரை எவ்வாறு மாறுகிறது என்பது என் திட்டப்பணி. முதுநகர் துறைமுகத்தில் நண்டு வாங்க எண்ணியுள்ளேன். முதுகெலும்பற்ற உயிர் என்பதால் அனுமதி வேண்டாம், ஐஸில் போட்டுவிட்டு அறுக்கலாம் என்கிறார்கள். இது சரியா?

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, மனிதரல்லாத எல்லா உயிரினங்களையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. நண்டுக்கு அதில் விலக்கில்லை. ஆகவே எத்தனை நண்டுகள், என்ன செய்யப்படும், எப்படி முடிக்கப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நண்டுக்கு வலி உண்டா என்ற ஐயத்தைப் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் குழுவினர் சோதனைகளால் அணுகினார்கள். மின்னதிர்ச்சி பெற்ற மறைவிடத்தைக் கரை நண்டுகள் சில முறைகளிலேயே தவிர்க்கக் கற்றுக்கொண்டன என்று 2013இல் வெளியிட்டார்கள். தொட்டவுடன் கால் இழுக்கும் வெறும் அனிச்சைச் செயலால் இதை விளக்க முடியாது. 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய 2021ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றைத் தொடர்ந்து, பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் நண்டு, இறால் வகைகளையும் உணர்வுள்ள விலங்குகளாக ஏற்றது.

உங்கள் தலைப்புக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது, அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்டு அச்சமோ மூச்சுத் திணறலோ அடையும்போது அதன் கண்காம்பில் சுரக்கும் ஹார்மோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். கொடுக்கு கட்டப்பட்டு, கூடையில் நெருக்கி அடுக்கப்பட்டு, வெயிலில் வந்த நண்டை அன்றே சோதித்தால் நீங்கள் அளப்பது தாமிரத்தின் விளைவையா, பயணத்தின் விளைவையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே சினை நண்டையும் புதிதாக ஓடு கழற்றிய நண்டையும் தவிர்த்து, கால்கள் முழுமையாக உள்ளவற்றை வாங்கி, கழிமுக நீரில் நனைத்த சாக்கில் மூடிக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரில் நனைக்காதீர்கள். களி நண்டுகள் ஒன்றையொன்று தின்னக்கூடியவை என்பதால் தொட்டிக்கு ஒன்று மட்டும் விட்டு, ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும், இடைவிடாத காற்றோட்டமும், பிடிபட்ட இடத்துக்கு ஒத்த உப்புத்தன்மையும் கொடுங்கள். ஒரு வாரமாவது பழகட்டும்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு நண்டைக் கொல்லத் தேவையில்லை. காலின் அடிமூட்டில் உள்ள மெல்லிய சவ்வு வழியே நுண்ணிய ஊசியால் சிறிதளவு இரத்தம் எடுத்தால் அதே நண்டைப் பின்னரும் அளக்கலாம். நண்டுகளின் எண்ணிக்கை குறையும், ஒப்பீடும் துல்லியமாகும். காலை இறுகப் பிடித்து இழுக்காதீர்கள், நண்டு காலை உதிர்த்துவிடும்.

திசு வேண்டுமென்றால் மட்டுமே கொல்லுங்கள். ஐஸ் அசைவை நிறுத்துகிறது என்பது உறுதி. உணர்வையும் நிறுத்துகிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் குளிரூட்டலை முதல் படியாக மட்டும் கொள்ளுங்கள். நன்னீர் ஐஸில் நேரடியாகப் போடாமல், உப்பு நீரும் ஐஸும் கலந்த குழம்பில் 20 நிமிடமாவது வையுங்கள். கண்ணைத் தொட்டாலும் காலை நீட்டினாலும் எதிர்ப்பு இல்லை, வாயுறுப்புகள் அசையவில்லை என்று பார்த்த பின், கண்களுக்கு அருகேயும் வயிற்று மடலுக்கு அடியிலும் உள்ள இரு நரம்பு மையங்களையும் கூர்ங்கருவியால் சில நொடிகளுக்குள் அழியுங்கள். நண்டின் நரம்பு மண்டலம் ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை என்பதால் ஒரு மையத்தை மட்டும் அழிப்பது போதாது. இதை அனுபவமுள்ளவர் முன்னிலையில் பழகுங்கள். கிராம்பு எண்ணெய் மயக்கமும் உண்டு. ஆனால் அது அளவீடுகளைப் பாதிக்கக்கூடும், முன்னோட்டமாக ஒன்றிரண்டில் மட்டும் பாருங்கள்.

தாமிரத்தில் வைத்த நண்டுகளை வெள்ளாற்றிலோ உப்பனாற்றிலோ விடவும் கூடாது, சமையலுக்குக் கொடுக்கவும் கூடாது. தொட்டி நீரையும் சாக்கடையில் ஊற்றாமல் ஆய்வகக் கழிவாகவே ஒப்படையுங்கள்.