கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஐயர், அதாவது போதகர், கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு மனு எழுதித் தருகிறார். ஜெபத்தோடு நிற்கக்கூடாதா?
(வாசகர், மண்டபம்)

பதில்: நானும் அப்படிக் கேட்டவன்தான், தம்பி. அப்புறம் பாம்பன் சின்னப்பாலத்தில் ஓர் அக்கா கையை நீட்டினார். பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் பழைய துணி சுற்றியிருந்தது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, பாசிக்குப் போவதே பயம் என்றார்.

சி.எஸ்.ஐ. பிறந்த 1947-லேயே ஆங்கிலிக்கன் சபைகளும், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்தவையும், அதில் சேர்ந்தவை. ஆங்கிலிக்கன் உலகம் சொல்லும் ஐந்து ஊழிய அடையாளங்களில் நான்காவது, அநீதியான சமூக அமைப்புகளை மாற்றுவது. ஐந்தாவது, படைப்பைக் காப்பது. இங்கே இரண்டும் முட்டுகின்றன! பவளப்பாறையும் வேண்டும், அக்காவின் அடுப்பும் எரிய வேண்டும். மனுவில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தேதி போட மறக்க வேண்டாம். என் முதல் மனு அதற்காகவே திரும்பி வந்தது.